சீரியல் போர்ட்டில் பைட் எந்தக் கையில் தவறுகிறது?

சி மொழியில் ஒரு நிரல் எழுதி, அதை யூஎஸ்பி கேபிள் வழியாக ஒரு சின்ன போர்டோடு பேச வைக்கிறீர்கள். கேபிள் யூஎஸ்பிதான், ஆனால் நிரலுக்கு அது ஒரு சீரியல் போர்ட்: 0, 1 என்ற பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி வாங்கும் வாசல். மோட்டார் ஓட வேண்டும், வெப்பநிலை திரையில் தெரிய வேண்டும். ஆனால் ஒன்றும் வரவில்லை, வந்தாலும் அரைகுறையாக வருகிறது. யாரைக் கேட்டாலும் முதல் பதில், "பாட் ரேட்டைப் பாருங்கள்". இரண்டாவது பதில், "கேபிளை மாற்றிப் பாருங்கள்".

இரண்டும் சில நேரம் சரியாக இருக்கும். ஆனால் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவற்றில் கம்பியில் ஒரு குறையும் இருந்ததில்லை. போர்டு அனுப்பியது கம்ப்யூட்டருக்குள் ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கும். அங்கிருந்து நிரலின் கைக்கு வருவதற்குள்தான் எங்கோ தவறியிருக்கும். அந்தக் கடைசி நாலடித் தூரத்தைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். உதாரணத்துக்கு லினக்ஸ் ஓடும் ஒரு லேப்டாப்பையும், யூஎஸ்பியில் மாட்டிய ஓர் ஆர்டுயினோ ஊனோ போர்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

செங்கல் கைமாறும் வரிசை

மாடியில் கட்டட வேலை நடக்கும்போது கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று செங்கலைக் கைமாற்றி அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே இருக்கும் கொத்தனாருக்குச் செங்கல் வரவில்லை என்றால், கீழே லாரியைத்தான் குறை சொல்ல வேண்டும் என்றில்லை. நடுவில் யாரோ ஒருவர் கீழே வைத்திருக்கலாம்.

சீரியல் போர்ட்டும் அப்படித்தான். போர்டு அனுப்புவது பைட், அதாவது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். அந்தப் பைட் நான்கு கை மாறுகிறது. முதலில் கம்பி. அடுத்து யூஎஸ்பி அடாப்டர் சிப்பும் அதன் டிரைவரும். மூன்றாவது கெர்னல்; வன்பொருளுக்கும் நிரல்களுக்கும் நடுவில் நிற்கும் இயங்குதளத்தின் மையப்பகுதி அது. நான்காவது, ரீட் என்ற ஃபங்ஷனை அழைத்துப் பைட்டை வாங்கிக்கொள்ளும் உங்கள் நிரல். கோளாறு பார்ப்பது என்றால் எந்தக் கையில் செங்கல் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பது. கை தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரியில் முடிந்துவிடும்.

முதல் கை: கம்பி

இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரே தாளம் போட வேண்டும் என்று வையுங்கள். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. முதல் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் அவரவர் கணக்குத்தான். சீரியல் கம்பியிலும் நேரம் சொல்லத் தனிக்கம்பி கிடையாது. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட் வரும், அதுதான் அந்த முதல் தட்டு. பின்னால் எட்டுத் தகவல் பிட்டுகள், கடைசியில் ஒரு நிறுத்த பிட். ஆக ஒரு பைட்டை அனுப்ப வழக்கமாக 10 பிட் நேரம் ஆகும்.

தாளத்தின் வேகத்துக்குப் பெயர்தான் பாட் ரேட்: விநாடிக்கு எத்தனை பிட். எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து வந்த சொல் அது. 9600 என்றால் ஒரு பிட்டுக்கு சுமார் 104 மைக்ரோவிநாடி, விநாடிக்கு 960 பைட். 115200 என்றால் விநாடிக்கு 11,520 பைட். வாங்கும் பக்கம் ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. பத்தாவது பிட்டுக்குள் அரை பிட் நேரம் விலகிவிட்டால் பக்கத்துப் பிட்டைப் படித்துவிடும். அதனால் இரண்டு பக்கத்து வேகங்களுக்கும் இடையில் ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தாங்காது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள அடையாளம் கிடைக்கிறது. பாட் ரேட் தவறாக இருந்தால் வருவதெல்லாம் குப்பையாக இருக்கும். சரியான எழுத்துகள் வந்து, நடுவில் மட்டும் ஒன்றிரண்டு காணாமல் போனாலோ, ஒரு குறிப்பிட்ட எண் மட்டும் மாறி வந்தாலோ, பாட் ரேட்டை விட்டுவிடுங்கள். குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார்.

கம்பியில் இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஒருவருடைய அனுப்பும் கம்பி மற்றவருடைய வாங்கும் கம்பிக்குப் போக வேண்டும். இரண்டு பக்கத்து கிரவுண்டும் கண்டிப்பாக இணைந்திருக்க வேண்டும். அப்புறம் மின்னழுத்தம். 1960-இல் வந்த ஆர்எஸ்-232 தரத்தில் 1 என்பது மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்பது ப்ளஸ் 3 முதல் ப்ளஸ் 15 வோல்ட். ஊனோவின் பின்கள் பேசுவதோ 0-வும் 5-ம். ராஸ்பெர்ரி பை என்ற சின்ன கம்ப்யூட்டரின் பின்களுக்கு 3.3 வோல்ட்தான் எல்லை. பழைய ஒன்பது முள் போர்ட்டை இவற்றில் நேராகச் சொருகாதீர்கள். பிட்டுகள் தலைகீழாக வருவதோடு போர்டும் எரிந்துபோகலாம். நடுவில் மேக்ஸ்232 போன்ற ஒரு மாற்றி சிப் வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எல்லாமே குப்பையாக வந்தால் வேகத்தைப் பாருங்கள், ஒன்றுமே வராவிட்டால் முதலில் கம்பியைப் பாருங்கள், பகுதி சரி பகுதி தவறு என்றால் மேலே வாருங்கள்.

மூன்றாவது கை: போர்டை மனிதர் என்று நம்பும் கெர்னல்

இரண்டாவது கையான அடாப்டர் பொதுவாகத் தொல்லை தராது. சிக்கலின் இதயம் இங்கே இருக்கிறது.

லினக்ஸில் சீரியல் போர்ட்டின் பெயர் டிடிஒய் என்று தொடங்கும். அது டெலிடைப் என்பதன் சுருக்கம். 1960-களில் கம்ப்யூட்டரோடு பேசப் பயன்பட்ட, தாளில் தட்டச்சு செய்யும் இயந்திரம் அது. மாடல் 33 என்ற டெலிடைப் 1963-இல் வந்தது; விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். கம்பியின் மறுமுனையில் அந்த இயந்திரமும் அதன் முன்னால் ஒரு மனிதரும் இருப்பதாகவே கெர்னல் இன்றும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் மாற்றிச் சொல்லும்வரை அதன் எண்ணம் மாறாது.

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லச் சொல்ல அப்படியே அவர் உள்ளே அனுப்புவதில்லை. வாக்கியம் முடியும்வரை காத்திருப்பார். தப்பாகச் சொல்லித் திருத்தினால் அடித்துவிட்டு எழுதுவார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டுவார். "கொஞ்சம் பொறுங்கள்" என்றால் பேனாவை நிறுத்துவார். மனிதருக்கு இதெல்லாம் பேருதவி. கெர்னலில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு லைன் டிசிப்ளின் என்று பெயர்.

இவர் உங்கள் போர்டுக்கும் அதே உதவியைச் செய்யும்போது என்ன ஆகும் என்று பாருங்கள். வரி முடியும் அடையாளமான 10 வரும்வரை ஒரு பைட்டைக்கூட நிரலிடம் தர மாட்டார். ரீட் அங்கேயே உறைந்து நிற்கும். வந்ததையெல்லாம் போர்டுக்கே திருப்பி அனுப்புவார். போர்டு அதைப் புதுக் கட்டளை என்று நினைத்துக் குழம்பும். 13 வந்தால் அதை 10 ஆக மாற்றிவிடுவார், ஏனென்றால் மனிதர் என்டர் கீ அடித்தால் வருவது 13.

இந்த அமைப்புகளையெல்லாம் வைத்திருக்கும் ஸ்ட்ரக்சருக்கு டெர்மியோஸ் என்று பெயர். டிசிகெட்அட்டர் என்ற ஃபங்ஷனால் இப்போதிருக்கும் அமைப்பை வாங்கி, மாற்றி, டிசிசெட்அட்டர் மூலம் திருப்பிப் போட வேண்டும்.

பால் குளிரும்போது நிகழும் விசித்திரம்

பலர் செய்யும் அரைத்திருத்தம் ஒன்று உண்டு. எங்கிருந்தோ எடுத்த நிரலைப் பார்த்து, வரிக்காகக் காத்திருப்பதையும் திருப்பி அனுப்புவதையும் மட்டும் அணைத்துவிடுவார்கள். உடனே எண்கள் வரத் தொடங்கும். வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். இது எவ்வளவு ஆபத்தானது என்று ஓர் உதாரணத்தில் காட்டுகிறேன்.

பால் சேகரிப்பு நிலையத்தின் குளிர்விப்புத் தொட்டியில் ஓர் ஊனோ போர்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு ஒருமுறை வெப்பநிலையை ஒரே பைட்டாக அனுப்புகிறது. பால் சுமார் 35 டிகிரியில் வரும், 4 டிகிரிக்குக் குளிர வேண்டும். 35, 34, 33 என்று ஒழுங்காக இறங்கி வருகிறது. 29 வந்தது. 28 வரவில்லை. 27 வந்தது, 26 வரவில்லை. 19-ம் 17-ம் காணோம். 13 டிகிரியில் திடீரென்று 10 என்று காட்டுகிறது. அதற்கப்புறம் 12, 11 என்று எல்லாம் சரி.

சென்சார் பழுது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சென்சாரை மாற்றுவார்கள், மறுபடியும் அதே இடங்களில் அதேபோல் நடக்கும். உண்மையில் நடந்தது என்ன? கீபோர்டில் கன்ட்ரோல் கீயோடு சி அடித்தால் போகும் பைட் 3. கன்ட்ரோல் இசட் 26, கன்ட்ரோலும் பின்சாய்கோடும் சேர்ந்தால் 28. நிரலை நிறுத்தவோ இடைநிறுத்தவோ மனிதர் தரும் சைகைகள் இவை. கெர்னல் அவற்றைச் சைகையாக எடுத்து விழுங்கிவிடுகிறது; நிரலுக்குத் தருவதில்லை. கன்ட்ரோல் எஸ் 19, "பொறு" என்று பொருள். கன்ட்ரோல் க்யூ 17, "தொடரு" என்று பொருள். 13 ஏன் 10 ஆனது என்பது முன்பே தெரியும்.

இதில் 19 எனக்கு மிகவும் கவலை தருவது. அந்தப் பைட் தொலைவது மட்டுமில்லை, பல அடாப்டர்களில் உங்கள் நிரல் அனுப்பும் கட்டளைகளும் அந்த நொடியிலிருந்து தேங்கிவிடும். அப்படிப்பட்ட அடாப்டராக இருந்தால், பால் 19-இலிருந்து 17-க்கு இறங்கும்வரை, பாலைக் கலக்கும் மோட்டாரான கலக்கியை ஓட்டச் சொன்னாலும் போர்டுக்கு எட்டாது. 17 வந்ததும் தேங்கியதெல்லாம் ஒரே மூச்சில் போகும். இதைப் பார்ப்பவர் மோட்டார் ரிலேயைத்தான் சந்தேகிப்பார்.

தீர்வு ரா மோட்: மனு எழுதுபவரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சொன்னதைச் சொன்னபடி உள்ளே விடும் நிலை. சிஎஃப்மேக்ரா என்ற ஒரே ஃபங்ஷன் டெர்மியோஸ் ஸ்ட்ரக்சரில் இந்த உதவிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறது. தனித்தனியாக ஒவ்வொரு அமைப்பையும் அணைக்கப் பார்க்காதீர்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

இன்னொன்று. டிசிசெட்அட்டர் நீங்கள் கேட்ட மாற்றங்களில் ஏதாவது ஒன்றைச் செய்ய முடிந்தாலே வெற்றி என்று சொல்லிவிடும். அதனால் போட்டபின் மறுபடி டிசிகெட்அட்டரால் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: கெர்னல் உங்கள் போர்டை மனிதர் என்று நினைத்து உதவுகிறது. உதவியைப் பாதி மட்டும் நிறுத்தினால், சில குறிப்பிட்ட எண்கள் மட்டும் தொலையும்.

மினிகாம் போன்ற டெர்மினல் நிரலைத் திறந்து மூடினால் என் நிரல் ஓடுகிறது, கேபிளைக் கழற்றி மாட்டினால் ஓடுவதில்லை என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் காரணம் இதுதான். மினிகாம் வைத்துவிட்டுப் போன அமைப்பு போர்ட்டில் தங்கியிருக்கும். கேபிளைக் கழற்றியதும் பழைய நிலைக்குப் போய்விடும். உங்கள் நிரல் தனக்கு வேண்டியதைத் தானே அமைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

நான்காவது கை: குழாய்த் தண்ணீரில் குடம் தெரியாது

மேல்நிலைத் தொட்டியில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினால், கீழே குழாயில் பிடிப்பவருக்கு முதல் குடம் எங்கே முடிந்தது என்று தெரியுமா? தெரியாது. சீரியல் போர்ட்டிலும் பைட்டுகள் வெறும் ஓட்டமாக வருகின்றன. போர்டு ஒரே தடவையில் அனுப்பியது உங்களுக்கு ஒரே ரீட் அழைப்பில் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

போர்டு "வெப்பம்=24" என்று ஒரு வரி அனுப்புகிறது. முதல் ரீட்டில் "வெப்" வரை வரலாம், அடுத்ததில் மீதி வரலாம், அதோடு அடுத்த வரியின் தலையும் ஒட்டிக்கொண்டு வரலாம். 9600 வேகத்தில் 12 பைட் உள்ள ஒரு சிறு வரி வந்து சேரவே 12.5 மில்லிவிநாடி ஆகிறது. கம்ப்யூட்டருக்கு அது நீண்ட நேரம். போதாததற்கு எஃப்டிடிஐ சிப் உள்ள அடாப்டர்கள் சில்லறைப் பைட்டுகளை 16 மில்லிவிநாடி வரை சேர்த்துவைத்து அனுப்புவது வழக்கம். அதனால் துண்டு எங்கே விழும் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். காலையில் ஓடிய நிரல் மாலையில் ஓடாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இதற்கு நடுவில் ஸ்லீப் போட்டு "கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம்" என்று தள்ளிவிடுபவர்கள் அதிகம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சிக்கல் மறையும், தீராது. ஒரு சேமிப்பு அரே வைத்துக்கொண்டு, ரீட் தந்ததையெல்லாம் அதன் கடைசியில் சேருங்கள். வரி முடியும் அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதுவரை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, மீதியை முன்னால் நகர்த்துங்கள். இல்லையென்றால் இன்னும் படியுங்கள். அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? டெர்மியோஸில் விமின், விடைம் என்று இரண்டு எண்கள் உண்டு. விமின் என்பது குறைந்தது எத்தனை பைட் வேண்டும் என்பது. விடைம் காத்திருக்கும் நேரம். அதன் அலகு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. விமின் 0, விடைம் 10 என்று வைத்தால் ரீட் அதிகபட்சம் ஒரு விநாடி பொறுத்துவிட்டு, ஒன்றும் வராவிட்டால் 0 தந்து திரும்பும். சிஎஃப்மேக்ராவுக்கு அப்புறம் இவற்றை நீங்களே எழுதிவிடுங்கள்.

சி மொழிக்கே உரிய இரண்டு பள்ளங்களும் இங்கே உண்டு. ரீட் தரும் பைட்டுகளின் முடிவில் பூஜ்ஜியம் இருக்காது. அதைச் சரம் என்று நினைத்து பிரின்ட்எஃப்பிடம் கொடுத்தால், நினைவகத்தில் பின்னால் கிடப்பதையும் சேர்த்து அச்சிடும். பார்ப்பவர் பாட் ரேட் குப்பை என்று ஏமாறுவார். ரீட் திருப்பித் தந்த எண்ணிக்கையை மட்டுமே நம்புங்கள். அடுத்தது கேர் என்ற வகை. இன்டெல் செயலியுள்ள லினக்ஸ் லேப்டாப்பில் அது எதிர்ம எண்களையும் ஏற்கும். ராஸ்பெர்ரி பையில் உள்ள ஆர்ம் செயலியில் ஏற்காது. போர்டு 200 அனுப்பினால் முன்னதில் மைனஸ் 56 என்றும் பின்னதில் 200 என்றும் தெரியும். பைட்டுகளுக்கு எப்போதும் அன்சைன்ட் கேர் பயன்படுத்துங்கள்.

முதல் கட்டளை மட்டும் காணாமல் போவது

சீரியல் போர்ட்டில் டிடிஆர் என்று ஒரு சைகைக் கம்பி உண்டு; "நான் தயார்" என்று கம்ப்யூட்டர் சொல்வதற்கானது. நிரல் போர்ட்டைத் திறந்ததும் அது நிலை மாறும். ஊனோ போர்டில் அந்தக் கம்பி ஒரு சின்ன கெப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்குப் போகிறது. அதனால் நீங்கள் போர்ட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் போர்டு முதலிலிருந்து தொடங்குகிறது. விழித்து எழ ஒன்றிரண்டு விநாடி ஆகும். அதற்குள் அனுப்பும் முதல் கட்டளை யார் காதிலும் விழாது. போர்டு எழுந்ததும் "தயார்" என்று ஒரு வரி அனுப்பும்படி எழுதி, உங்கள் நிரல் அந்த வரிக்காகக் காத்திருப்பதுதான் நல்ல வழி.

போர்ட் திறக்கவே மறுத்தால்

இது எளிது, ஏனென்றால் போர்ட்டைத் திறக்கும் ஓப்பன் ஃபங்ஷன் தோற்றால் காரணத்தைத் தானே சொல்கிறது. அனுமதி இல்லை என்றால், உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் உங்கள் பயனரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றால், கேபிளைக் கழற்றி மாட்டியதில் போர்ட்டின் எண் 0-இலிருந்து 1 ஆகியிருக்கும். வேறொருவர் பயன்படுத்துகிறார் என்றால், திறந்து வைத்த டெர்மினலை மூடுங்கள். மோடம்மேனேஜர் என்ற சேவை ஓடினால், புதிதாக மாட்டியதை மோடம் என்று எண்ணிச் சோதித்துப் பார்ப்பதும் உண்டு.

எந்தக் கை என்று பார்ப்பது

செங்கல் வரிசையை நடுவில் வெட்டிப் பாருங்கள். முதலில் பிகோகாம் போன்ற ஒரு தயார் டெர்மினல் நிரலில் போர்டைத் திறங்கள். அங்கே சரியாக வந்தால் கம்பியும் அடாப்டரும் போர்டும் நிரபராதிகள். சிக்கல் உங்கள் நிரலில்.

அங்கேயும் வரவில்லையா? போர்டைக் கழற்றிவிட்டு, தனி அடாப்டராக இருந்தால் அதன் அனுப்பும் பின்னையும் வாங்கும் பின்னையும் ஒரு கம்பியால் சேருங்கள். இதற்கு லூப்பேக் என்று பெயர். தட்டியது திரும்பி வந்தால் லேப்டாப் பக்கம் சரி. ஆனால் இந்தச் சோதனை பாட் ரேட் சரி என்று நிரூபிக்காது. சொல்பவரும் கேட்பவரும் ஒருவரே என்பதால் எந்த வேகத்திலும் ஒத்துப்போகும்.

நிரலைச் சந்தேகித்தால் அதை ஸ்ட்ரேஸ் என்ற கருவிக்குள் ஓடவிடுங்கள். ஒவ்வொரு ரீட்டும் எத்தனை பைட் தந்தது, என்னென்ன தந்தது என்று அது அப்படியே காட்டும். அங்கே சரியாகத் தெரிந்து திரையில் தப்பாக வந்தால் நான்காவது கை. ஸ்ட்ரேஸிலேயே பைட் இல்லையென்றால் மூன்றாவதோ அதற்கு முன்னாலோ.

கடைசியாக, நான் எந்தப் புது நிரலுக்கும் செய்யும் ஒரு சோதனை. லூப்பேக் கம்பியை மாட்டிவிட்டு, உங்கள் நிரலின் அமைப்புப் பகுதியை வைத்தே 0 முதல் 255 வரை ஒவ்வொரு பைட்டாக அனுப்பி, திரும்பி வருவதைப் படித்து ஒப்பிடுங்கள். விடைம் வைத்திருந்தால் வராத பைட்டுக்காக நிரல் உறையாது. 256 பைட்டுகளும் அப்படியே திரும்பினால் ரா மோட் சரியாக அமைந்திருக்கிறது. 3, 17, 19, 26, 28 வராமல், 13 அனுப்பினால் 10 வந்து, 10 அனுப்பினால் இரண்டு பைட் வந்தால், மனு எழுதுபவர் இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார். 19-க்கு அப்புறம் எதுவுமே திரும்பாவிட்டால், பால் தொட்டியில் கலக்கி நின்றதும் இதனால்தான்.